நின்றுபோன ரயில் பாதையின் வரலாற்றைத் தேடுவது எப்படி? மாயவரம் – தரங்கம்பாடி லைனை வைத்து ஒரு வழிகாட்டி

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் 1986 வரை ரயில் ஓடியது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று வயல்களுக்கு நடுவே போய்க் கடலோரத்தில் முடியும். அறுபது வயது நிறைந்தவர்கள் மணிவிழா செய்துகொள்ளத் திருக்கடையூருக்கு வருகிறார்கள். அந்த ஊர் வழியாக ஓடிய ரயிலும் அறுபது ஆண்டுதான் ஓடியது.

இன்று அந்தப் பகுதியில் வளரும் பிள்ளைகளுக்கு ரயில் என்பது தாத்தா சொல்லும் கதை. இதுபோல நின்றுபோன பாதை தமிழ்நாட்டில் பல இடங்களில் உண்டு. உங்கள் ஊரிலும் ஒன்று இருந்து, அதைப் பற்றி முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருந்தால், எங்கே தொடங்குவது, எதை முதலில் பார்ப்பது, எதை நம்புவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வரலாறு படித்திருக்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும். எடுத்துக்காட்டுக்குத் தரங்கம்பாடி லைனையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ரயில்வே அலுவலகத்துக்குப் போகிறார்கள். அங்கே பெரும்பாலும் எதுவும் மிஞ்சியிருக்காது. பாதை மூடப்பட்டால் அதன் காகிதங்களை வைத்துக்கொள்ள ரயில்வேக்குத் தேவையில்லை. ஆனால் நிலம் எங்கும் போவதில்லை. அது யாரிடமிருந்து வாங்கப்பட்டது, எத்தனை ஏக்கர், எந்த சர்வே எண் என்பதை வருவாய்த்துறை தலைமுறை தலைமுறையாக எழுதி வைத்திருக்கிறது. நின்றுபோன பாதையைத் தேடுகிறவருக்கு மண்ணின் கணக்குதான் மிகப் பெரிய துணை. இந்தக் கட்டுரையில் அந்தப் பகுதியை நீட்டி எழுதியிருப்பதற்கு அதுவே காரணம்.

1. ஏன் நின்றது என்று முதலில் கேளுங்கள்

எல்லாப் பாதையும் ஒரே மாதிரி நிற்பதில்லை. பாம்பன் – தனுஷ்கோடிப் பாதையை 1964 டிசம்பர் புயல் கொண்டுபோனது. மதுரை – போடிநாயக்கனூர்ப் பாதையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துப் பிறகு 1950களில் மீண்டும் போட்டார்கள். அதே பாதை 2010இன் இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நின்று, 2023இல்தான் போடிக்கு மறுபடி ரயில் வந்தது. தரங்கம்பாடி லைன் போன்றவை வருமானம் போதாத கிளைப் பாதைகள் என்ற வகையைச் சேர்ந்தவை. இவற்றைப் பற்றி ஆராய 1969இல் தனிக் குழுவே அமைக்கப்பட்டது.

காரணத்தைப் பொறுத்துக் காகிதம் இருக்கும் இடம் மாறும். புயலில் போன பாதைக்குச் செய்தித்தாளும் விசாரணை அறிக்கையும் இருக்கும். போரில் பெயர்த்த பாதைக்கு அன்றைய அரசின் உத்தரவுகள் இருக்கும். நஷ்டத்தில் மூடிய பாதைக்கு நாடாளுமன்றக் கேள்வி பதில்களும், மூடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் கொடுத்த மனுக்களும் இருக்கும். உங்கள் பாதை எந்த வகை என்று ஒரு வரியில் எழுதி நோட்டின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

பாதையின் நீளத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். முதல் முயற்சிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். நூறு கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு பாதியில் கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு ஸ்டேஷனை மட்டும் எடுத்துக்கொண்டு அருமையாகச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

2. ஊர்களின் பழைய பெயர்களையும் மாவட்டங்களையும் பட்டியலிடுங்கள்

மயிலாடுதுறை என்று தேடினால் பழைய ஆவணங்களில் ஒன்றும் கிடைக்காது. அது மாயவரமாக இருந்தது, மாயூரமாக இருந்தது, 1982இல்தான் மயிலாடுதுறை ஆனது. ஆக, ரயில் ஓடிய அறுபது ஆண்டில் கடைசி நான்கு ஆண்டுக்கு மட்டுமே இன்றைய பெயர் பொருந்தும். தரங்கம்பாடியை ஆங்கில ஆவணங்களில் 'டிராங்குபார்' என்று எழுதியிருப்பார்கள். செம்பனார்கோவிலுக்கும் திருக்கடையூருக்கும் எத்தனையோ எழுத்துக்கூட்டல்கள். கண்ணில் படும் ஒவ்வொரு வடிவத்தையும் குறித்து வையுங்கள். பிறகு எந்த அட்டவணையைப் புரட்டினாலும் அத்தனை வடிவங்களையும் வைத்துத் தேட வேண்டியிருக்கும்.

மாவட்ட எல்லை இதைவிட முக்கியம். பாதை போட்டபோதும் மூடியபோதும் இந்தப் பகுதி தஞ்சாவூர் மாவட்டம். 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போனது. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானது. ஒரு கிராமத்தின் பழைய பதிவேடு இந்த மூன்று ஆட்சியர் அலுவலகங்களில் எங்கு வேண்டுமானாலும் தங்கியிருக்கலாம். மயிலாடுதுறையில் "இல்லை" என்றால் ஆவணமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தஞ்சாவூருக்கு ஒரு முறை போய்க் கேளுங்கள்.

3. யாருடைய பணத்தில் போட்டார்கள்?

தஞ்சாவூர்ப் பகுதி ரயில் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. தஞ்சாவூர் மாவட்ட போர்டு, அதாவது அன்றைய மாவட்ட உள்ளாட்சி அமைப்பு, நிலவரியோடு சேர்த்து ரூபாய்க்கு மூன்று பைசா என்ற கணக்கில் ரயில்வே வரி வசூலித்தது. இந்தப் பைசா அணாவில் பன்னிரண்டில் ஒரு பங்கான பழைய காசு. அந்தப் பணத்தைக் கொண்டு மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்குப் பாதை போட்டு 1894இல் திறந்தார்கள். பின்னர் அதை அறந்தாங்கி வரை நீட்டினார்கள். ரயில் ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி, பாதை மாவட்ட போர்டுக்குச் சொந்தம். நிலம் உழுதவன் கட்டிய வரியில் வந்த ரயில் அது. 1906இல் வெளியான தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியர் என்ற அரசு விவரத் தொகுப்பில் இதைப் பற்றிப் படிக்கலாம். டெல்டாவின் எந்தக் கிளைப் பாதையை எடுத்தாலும் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, இதில் மாவட்ட போர்டின் பணம் உண்டா, கம்பெனிப் பணமா, அரசுப் பணமா என்பது.

விடையைப் பொறுத்து நீங்கள் போக வேண்டிய இடம் மாறும். போர்டின் பாதை என்றால் உள்ளாட்சித் துறை அரசாணைகளையும் போர்டின் நடவடிக்கைக் குறிப்புகளையும் தேட வேண்டும். 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு மாவட்ட போர்டுகளே இல்லாமல் போனதால், அவற்றின் கோப்புகள் சிதறிக் கிடக்கும். தென்னிந்திய ரயில்வே கம்பெனி இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்டது. இங்கே அதன் தலைமையிடம் திருச்சிராப்பள்ளி. அதன் ஒப்பந்தங்களும் கடிதங்களும் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. கம்பெனியை 1944இல் அரசு எடுத்துக்கொண்டது. 1951 ஏப்ரல் 14 அன்று தென்னக ரயில்வே உருவானது. இந்த இரண்டு ஆண்டுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தக் கோப்பு எந்தத் தலைப்பில் இருக்கும் என்பது பாதி புரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. தரங்கம்பாடி என்றதும் பலருக்கு டென்மார்க் நினைவுக்கு வருகிறது. டேனியர்கள் 1620இல் வந்தார்கள், 1845இல் ஊரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்ததே 1861இல்தான். ஆகவே டேனிஷ் ஆவணங்களில் ரயிலைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். நாகைக்கு ரயில் வந்த பிறகு வணிகம் அங்கே நகர்ந்து தரங்கம்பாடித் துறைமுகம் மங்கியது. இங்கே ரயில் வந்து சேர்ந்தபோது அறுபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த இடைவெளியில் ஊர் என்ன பாடுபட்டது என்பது தனியாகவே ஆராயத் தக்கது.

4. வரைபடத்தில் கோட்டைப் பிடியுங்கள்

இந்திய நில அளவைத் துறையின் பழைய ஓர் அங்குலத் தாள்கள், அதாவது ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் வரையப்பட்டவை, இந்த வேலைக்கு மிகச் சிறந்தவை. பழைய எண் முறைப்படி மயிலாடுதுறையும் செம்பனார்கோவிலும் 58 எம்/12 தாளிலும், திருக்கடையூரும் தரங்கம்பாடியும் 58 எம்/16 தாளிலும் வரும். உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நீங்களே தாள் எண்ணைக் கண்டுபிடிக்கலாம். 1950களில் அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு தயாரித்த, இரண்டரை லட்சத்துக்கு ஒன்று என்ற அளவிலான இந்தியத் தாள்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. விவரம் குறைவுதான். ஆனாலும் பாதை ஓடிக்கொண்டிருந்த காலத்து வரைபடம் என்பதால் முதல் நாளைக்கு அது போதும்.

பிறகு செயற்கைக்கோள் படத்துக்கு வாருங்கள். காவிரிப் பாசனப் பகுதியில் ஏப்ரல், மே மாதப் படங்களைத் தேர்ந்தெடுங்கள். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்னால் வயல்கள் காய்ந்து கிடக்கும். அப்போது பழைய கரை, ஓரத்து மரவரிசை, நீளமான குட்டைகள் எல்லாம் தெளிவாகத் தெரியும். நடவு முடிந்த பிறகு எடுத்த படத்தில் எல்லாம் ஒரே பச்சையாக இருக்கும். வயல் வரப்புகள் கட்டம் கட்டமாக இருக்க, அவற்றைப் பொருட்படுத்தாமல் குறுக்கே மெல்ல வளைந்து போகும் ஒரு பட்டை கண்ணில் படுகிறதா பாருங்கள். மாட்டு வண்டிப் பாதை சட்டென்று திரும்பும், ரயில் பாதையால் அப்படித் திரும்ப முடியாது.

5. நிலப் பதிவேடு

முதலில் பாதை கடந்துபோகும் வருவாய்க் கிராமங்களின் பட்டியலைத் தயாரியுங்கள். ஸ்டேஷன் இருந்த ஊர்கள் மட்டும் போதாது. பாதை தொட்ட ஒவ்வொரு கிராமமும் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிராம வரைபடம், அ-பதிவேடு (சர்வே எண் வாரியாக நிலங்களைப் பட்டியலிடும் கிராமப் பதிவேடு), புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவுப் படம்) ஆகிய மூன்றையும் பாருங்கள். அ-பதிவேட்டின் இன்றைய நிலையும் புலப்படமும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையில் சர்வே எண்ணைக் கொடுத்தால் கிடைக்கும். பழையவற்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலக ஆவண அறைக்கும் மனுப்போட வேண்டும்.

அ-பதிவேட்டில் 'புறம்போக்கு' என்ற வகையில், குறிப்புக் கலத்தில் 'ரயில்வே' என்றோ 'இருப்புப்பாதை' என்றோ எழுதியிருக்கும் எண்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போங்கள். கிராம வரைபடத்தில் அந்த எண்களுக்கு வண்ணம் தீட்டினால் ரயில் போன வழி காகிதத்தில் எழுந்து வரும். எத்தனை முறை செய்திருந்தாலும் அந்தக் கணத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பட்டை ஓரிடத்தில் அகன்று மறுபடி குறுகினால் அங்கே ஸ்டேஷனோ, இரண்டாவது தண்டவாளமோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓரமாகச் சின்னதாக ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் கேட் கீப்பர் வீடா, கேங்மேன் (தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளி) குடியிருப்பா என்று ஊரில் விசாரியுங்கள்.

தமிழ்நாட்டில் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் 1979இல் தொடங்கி 1980களின் நடுப்பகுதியையும் தாண்டி நடந்தது. தரங்கம்பாடி ரயில் நின்றது 1986இல். ஆக, கிராமக் கணக்குகளைப் புதுப்பித்து எழுதிய ஆண்டுகளில் பெரும்பகுதி இந்த ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காலப் பதிவேட்டைக் கையில் எடுத்தால், உயிரோடு இருந்த பாதையின் கடைசிப் படம் உங்களுக்குக் கிடைக்கிறது. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டை, அதாவது நிலவரி நிர்ணயத்தின்போது எழுதியதை, அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் ஒரே எண்ணாக இருந்த வயல், பின்னதில் இரண்டு மூன்று உட்பிரிவாக உடைந்து, நடுத்துண்டு ரயில்வேக்குப் போயிருக்கும். யாருடைய வயலை ரயில் பிளந்தது என்று அங்கே தெரிந்துவிடும்.

இன்னும் ஒரு படி பின்னே போகலாம். 1894ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின்படி, பாதைக்காக நிலம் எடுத்தபோது அறிவிப்பை அரசிதழில் அச்சிட வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் அது செயின்ட் ஜார்ஜ் கோட்டை அரசிதழ். 1920களின் இதழ்களைப் புரட்டி மாயவரம் வட்டத்தைத் தேடுங்கள். கிராமம், சர்வே எண், விஸ்தீரணம், பல இடங்களில் நிலக்காரர் பெயர் என்று எல்லாம் வரிசையாக இருக்கும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இந்த அரசிதழ்களைப் பார்க்கலாம். போகும்போது அடையாள அட்டையும், என்ன ஆய்வு என்று சொல்லும் கடிதமும் கொண்டுபோங்கள். அங்கே பொதுப்பணித்துறையின் ரயில்வே கிளை, வருவாய்த்துறை, உள்ளாட்சித்துறை ஆகிய மூன்றின் ஆண்டு அட்டவணைகளையும் வாங்கி, அரசாணை எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு பிறகு கோப்பைக் கேட்க வேண்டும். "தரங்கம்பாடி ரயில் பற்றி எல்லாம் கொடுங்கள்" என்று கேட்டால் யாராலும் உதவ முடியாது.

இந்தப் பகுதியில் கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். திருக்கடையூர்க் கோயில் தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ளது. அரசிதழில் கோயிலின் பெயரோ ஆதீனத்தின் பெயரோ நிலக்காரராக வந்தால், அந்த நிர்வாகத்திடம் மரியாதையாக எழுதிக் கேளுங்கள். ஆதீனங்களில் கணக்குகளை அக்கறையாகப் பாதுகாப்பது பழைய வழக்கம்.

6. கால அட்டவணை, பத்திரிகை, தகவல் உரிமை மனு

ரயில்களின் நேரத்துக்குத் தென்னிந்திய ரயில்வேயும் பின்னர் தென்னக ரயில்வேயும் வெளியிட்ட மண்டலக் கால அட்டவணைகளைத் தேடுங்கள். நாடு முழுவதுக்குமான அட்டவணைகள் சிலவற்றில் சிறிய பாசஞ்சர் வண்டிகள் இடம்பெறாது. மூன்று வெவ்வேறு ஆண்டின் அட்டவணை கிடைத்தாலே எத்தனை வண்டி ஓடியது, எப்போது குறைந்தது, எந்த நிறுத்தம் புதிதாக வந்தது என்பதெல்லாம் புலப்படும். பழைய அட்டவணைகளில் தூரம் மைலில் இருக்கும். கட்டணம் 1957க்கு முன் அணா, பைசாக் கணக்கில் இருக்கும்.

செய்தித்தாள்களுக்குக் கன்னிமாரா நூலகம். 1926க்குச் சுதேசமித்திரனும் தி ஹிந்துவும், 1986க்குத் தினமணியும் தினத்தந்தியும் பாருங்கள். சரியான நாள் தெரியாமல் ஓராண்டு இதழ்களையும் புரட்டுவது கண்ணைக் கெடுக்கும் வேலை. முதலில் ரயில்வே வாரியத்தின் தொகுப்புகளிலிருந்து திறப்பு நாளைப் பிடித்துக்கொண்டு, அதற்கு முன்னும் பின்னும் பத்து நாள் மட்டும் பாருங்கள். அரிய தமிழ் இதழ்களுக்குத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற மின்நூலகத்தில் கிடைக்கின்றன. இரண்டாவது குறிப்பில் சேகரித்த எழுத்துக்கூட்டல்கள் அங்கேதான் கைகொடுக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ரயில்வேயிடம் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய், பதில் தர முப்பது நாள். தமிழிலேயே எழுதலாம். "ஏன் மூடினீர்கள்?" என்று கேட்காதீர்கள். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் அவர்கள் தர முடியும். "மயிலாடுதுறை – தரங்கம்பாடிப் பாதையில் போக்குவரத்தை நிறுத்தியது தொடர்பான உத்தரவின் நகல்", "அப்பாதை நிலத்தின் இன்றைய ரயில்வே நில வரைபட நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மனுவுக்கு இரண்டு மூன்று கேள்வி போதும்.

7. நடந்து பாருங்கள்

காகிதத்தில் பாதை வந்த பிறகே நடக்கப் போங்கள். முதலில் நடந்தால் கண்ணில் பட்டதெல்லாம் ரயில் கரையாகத் தோன்றும். இந்தப் பகுதியில் ஆற்றுக்கரை, வாய்க்கால் கரை, சாலைக் கரை எல்லாம் ஒன்றுபோல இருக்கும்.

மஞ்சளாறு, வீரசோழன், மகிமலையாறு என்று காவிரியின் கிளைகள் பாயும் சமவெளி இது. இங்கே ரயிலுக்குக் கரை எழுப்ப, பக்கத்திலேயே மண்ணை வெட்டினார்கள். அப்படி வெட்டிய குழிகள் வரிசையாக, ஒரே அகலத்தில், கரைக்கு இணையாகக் கிடக்கும். இன்று அவற்றில் தாமரையும் ஆகாயத்தாமரையும் படர்ந்திருக்கலாம். கரை அழிந்த இடத்திலும் அந்தக் குட்டை வரிசை காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது மதகுகளும் சிறு பாலங்களும். ஒரு வாய்க்காலின் மேல், இன்றைய சாலைக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், வலுவான செங்கல் கட்டுமானம் நின்றால் நெருங்கிப் பாருங்கள். ஆண்டு பொறித்த கல் இருக்கலாம். வாய்க்காலின் குறுக்கே எதைக் கட்டினாலும் அது பாசனத்தைப் பாதிக்கும் என்பதால், பொதுப்பணித்துறைக் கோப்புகளிலும் அந்தப் பாலங்களைப் பற்றிக் கடிதப் போக்குவரத்தைத் தேடலாம்.

பழைய தண்டவாளத் துண்டுகள் வேலிக் கம்பமாக, வீட்டு உத்தரமாக, கிணற்றுக் குறுக்குச் சட்டமாக வாழ்ந்துகொண்டிருக்கும். பக்கவாட்டில் புடைத்த எழுத்தில் ஆலையின் பெயரும் ஆண்டும் இருக்கும். சுண்ணாம்புக் கட்டியால் தேய்த்தால் எழுத்து எழும்பும். ஆனால் அந்த ஆண்டைப் பாதையின் ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரிய பாதையில் தேய்ந்த தண்டவாளத்தைக் கிளைப் பாதைக்குக் கொண்டுவந்து போடுவது ரயில்வேயின் வழக்கம். 1926இல் திறந்த பாதையில் அதற்கு முந்தைய தண்டவாளம் கிடைப்பது இயல்பு.

எதையும் எடுத்துவராதீர்கள். ஒரு போல்ட்டாக இருந்தாலும் அது ரயில்வே சொத்து, அதை வைத்திருப்பதற்குத் தனிச் சட்டத்தின்கீழ் தண்டனை உண்டு. படம் எடுங்கள், அளவெடுங்கள், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். தனியார் வயலில் கால் வைக்குமுன் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் எந்தக் காரணத்துக்காகவும் இறங்காதீர்கள். மயிலாடுதுறைப் பக்கம் இதை மறந்துவிடக் கூடாது. புதர் மண்டிய கரையில் பாம்பு உண்டு, கையில் கோலும் காலில் மூடிய செருப்பும் இருக்கட்டும்.

சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று இருக்கிறது. பழைய பாதையின் மேல் இன்று குடியிருப்பவர்கள் இருப்பார்கள். வரைபடமும் அளவு நாடாவுமாக ஒருவர் வந்து நின்றால் அவர்கள் வயிற்றில் புளி கரைக்கும். வீட்டை இடிக்க வந்திருக்கிறார்களோ என்ற பயம். முதல் வார்த்தையிலேயே நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டைப் படம் எடுக்காதீர்கள். இன்று குடியிருப்பவர்களை அடையாளம் காட்டும் சர்வே எண்களைப் பொதுவில் வெளியிடாதீர்கள். ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்து எழுத வேண்டிய வரலாறு எதுவும் இல்லை.

8. பெரியவர்களிடம் கேளுங்கள், அதுவும் சீக்கிரமாக

1986இல் இருபது வயதில் அந்த ரயிலில் போனவருக்கு இன்று அறுபதை ஒட்டிய வயது. அதில் வேலை பார்த்தவர்கள் அதைவிட மூத்தவர்கள். ஆவணக் காப்பகம் அடுத்த ஆண்டும் இருக்கும். அதனால் மேலே சொன்ன படிகளை எந்த வரிசையில் செய்தாலும் இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

ஸ்டேஷன் மாஸ்டரை மட்டும் தேடாதீர்கள். கேங்மேன், கேட் கீப்பர், கைகாட்டி விளக்கேற்றியவர், ரயிலடியில் வண்டி கட்டிக்கொண்டு காத்திருந்தவர், கூடையில் மீன் கொண்டுபோன அம்மாள், டீக்கடை வைத்திருந்தவர் என்று எல்லோரிடமும் கதை உண்டு. மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி 1955இல் தொடங்கியது. பொறையாரில் டி.பி.எம்.எல். கல்லூரி 1972இல் வந்தது. இரண்டும் இதே வழித்தடத்து ஊர்கள். அந்தக் கல்லூரிகளின் பழைய மாணவர்களில் தினமும் ரயிலில் வந்துபோனவர்களைத் தேடிப் பிடித்தால் கடைசிக் கால வண்டிகளின் நேரமே கிடைத்துவிடும்.

கேட்கும் முறை முக்கியம். "எந்த வருஷம்?" என்று தொடங்கினால் பெரியவர் தடுமாறுவார், நீங்களும் தவறான ஆண்டை எழுதிக்கொண்டு வருவீர்கள். "ஐயா, காலையில் வண்டி வரும்போது வீட்டில் என்ன வேலை நடக்கும்?", "அம்மா, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது ரயிலிலா வந்தீர்கள்?" என்று கேளுங்கள். கல்யாணம், பிள்ளைப் பேறு, புயல், தேர்தல் ஆகியவற்றை வைத்து ஆண்டை நீங்கள் பிற்பாடு கணக்கிடலாம். டிக்கெட் விலையை வைத்துக் காலத்தை முடிவு செய்யாதீர்கள். 1957இல் அணா போய் நயா பைசா வந்த பிறகும் இருபத்தைந்து காசை நாலணா என்றுதான் நம் ஊரில் பல காலம் சொன்னார்கள்.

பதிவு செய்வதற்கு அனுமதி கேளுங்கள். முதல் சந்திப்பில் கருவியை எடுக்காமல் இருந்தாலும் தவறில்லை. கிராம வரைபடத்தில் வண்ணம் தீட்டியதை எடுத்துக் காட்டுங்கள். "இங்கே புளியமரம் இருந்தது, அதற்கு நேரே கைகாட்டி" என்று விரல் தானாகவே நகரும். பழைய புகைப்படம் கேட்டால் ரயில் படம் இல்லை என்பார்கள். கல்யாண ஆல்பத்தைக் கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்பின் பின்னணியில் ஸ்டேஷன் சுவர் நிற்கக்கூடும்.

9. ஒரு செய்தியை எப்போது நம்புவது

நோட்டில் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் மூன்று விவரம் எழுதுங்கள்: எங்கிருந்து கிடைத்தது, எந்த நாளில் கிடைத்தது, அதைச் சொன்னவர் கண்ணால் பார்த்தாரா, கேட்டாரா. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இடத்திலிருந்து வரும்வரை அதைப் பென்சிலிலேயே வைத்திருங்கள். ஒரே புத்தகத்தைப் பார்த்து எழுதிய பத்துக் கட்டுரைகள் ஒரே ஒரு சான்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். தில்லையாடி, தென்னாப்பிரிக்கப் போராட்டத்தில் சிறை சென்று உயிர்விட்ட வள்ளியம்மையின் பூர்வீக ஊர். காந்தி 1915இல் அங்கே வந்தார். தில்லையாடிக்கு ரயில் இருந்தது என்பதும் உண்மை, காந்தி வந்தார் என்பதும் உண்மை. இரண்டையும் ஒட்டவைத்துக் காந்தி தில்லையாடி ஸ்டேஷனில் இறங்கினார் என்று ஒருவர் சொன்னால் நெஞ்சு நம்பத்தான் துடிக்கும். பாதை திறந்தது 1926. பதினோரு ஆண்டு இடிக்கிறது. சொன்னவரை மறுத்துப் பேச வேண்டியதில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதி, அதன் கீழே இரண்டு ஆண்டுகளையும் குறித்து வையுங்கள். ஊர் தன் ரயிலை எவ்வளவு பெருமையாக நினைக்கிறது என்பதற்கு அதுவும் சான்றுதான்.

10. சேர்த்ததை எங்கே வைப்பது

கணினியில் மட்டும் வைக்காதீர்கள். வண்ணம் தீட்டிய கிராம வரைபடங்கள், அரசாணை நகல்கள், பேட்டிகளின் எழுத்து வடிவம் ஆகியவற்றை மூன்று படி எடுத்து, ஒன்றை ஊர் நூலகத்துக்கும், ஒன்றைப் பக்கத்துக் கல்லூரி நூலகத்துக்கும் கொடுங்கள். பேட்டி கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியை அச்சடித்துக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்போதுதான் திருத்தங்கள் வரும். "அந்தக் கேட் கிழக்கே இல்லை, வாய்க்காலுக்கு மேற்கே" என்று சொல்ல ஒருவர் எழுந்து வருவார். அவரோடு சேர்ந்து இன்னொரு முறை நடந்துவிட்டு வரைபடத்தைத் திருத்துங்கள்.

இதை முடித்த கையோடு பக்கத்துப் பாதைக்குப் போகலாம். பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு 1898இல் திறந்த பாதை 1980களில் நின்று, அண்மையில் அகலப்பாதையாக மறுபடி போடப்பட்டிருக்கிறது. காரைக்கால் அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் என்பதால் அங்கே பிரெஞ்சு மொழிக் காகிதங்களும் காத்திருக்கும். திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளிப் பாதையிலும் 2023 ஏப்ரலில் மறுபடி ரயில் வந்துவிட்டது. புதுக் கரை எழுப்பும்போது பழைய மதகுகளும் கல்வெட்டுகளும் போய்விடும். வேலை நடக்கும் இடம் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருந்தால், நூலகத்தை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமையே கேமராவோடு கிளம்புங்கள்.